வலது பக்கக் கீழ் மூலை

உங்கள் வீட்டு பீரோவில் பத்திரத்தோடு சேர்த்து மடித்து வைத்திருக்கும் பிளானை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். ஹால் எங்கே, கிச்சன் எங்கே என்றெல்லாம் பார்க்க வேண்டாம். அதுதான் தினமும் பார்க்கிறீர்களே! வலது பக்கக் கீழ் மூலையைப் பாருங்கள். அநேகமாக அங்கே சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு பெட்டி இருக்கும். யாருடைய இடம், என்ன ஸ்கேல், எந்தத் தேதி, யார் வரைந்தது, யார் சரி பார்த்தது...

அதற்கு டைட்டில் பிளாக் என்று பெயர். வரைபடத்தின் ஜாதகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் இன்ஜினீயரிங் மாணவர்களுக்காக இந்திய தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட எஸ்.பி. 46 என்ற கையேட்டில் இந்தப் பெட்டிக்கு 185 மில்லிமீட்டர் நீளம், 65 மில்லிமீட்டர் உயரம் என்று அளவே கொடுத்திருக்கிறார்கள். கோடு போடுவதற்கு முன்னால் பெட்டி போடக் கற்றுக்கொள்கிறான் மாணவன்.

பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. என் மச்சினன் அம்பத்தூர் எஸ்டேட்டில் பேனல் போர்டு செய்கிறான். தொழிற்சாலைகளில், பம்ப் ஹவுஸ்களில் பீரோ சைஸில் சாம்பல் கலரில் வரிசையாக நிற்குமே, மோட்டார்களை ஓட்டவும் நிறுத்தவும்... அதுதான். அவனுக்குக் கணக்கு வழக்கு என்றால் அலர்ஜி. எனவே, மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் போய் உட்கார்ந்து வவுச்சர்களைப் பார்த்துக் கொடுப்பேன். சம்பளம், நல்ல ஃபில்டர் காபியும் எஸ்டேட் வாசல் மசால் வடையும்.

அங்கேதான் அண்ணாச்சியைப் பார்த்தேன். திருநெல்வேலிக்காரர். மச்சினனின் அப்பா காலத்திலிருந்து அங்கே டிராஃப்ட்ஸ்மேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் டிரேசிங் பேப்பரில் இங்க் பேனாவால் வரைந்தவர். தப்பு வந்தால் ரப்பர் உதவாது. பிளேடால் மெல்லச் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் பேப்பர் கிழியும், கிழிந்தால் முதலிலிருந்து வரைய வேண்டும். பிறகு அம்மோனியா பிரிண்ட். கண் எரியும் அந்த நெடியை அவர் ஏதோ பூர்வீக வீட்டு வாசனை போலச் சொல்வார்.

"அப்போல்லாம் ஒரு பேரை எழுதறதுக்கு முன்னாடி மூணு தடவை யோசிப்போம் சார். சுரண்டறது கஷ்டம்லா!"

ஆட்டோகேட் முதன்முதலில் வெளிவந்தது 1982 டிசம்பரில். நம் ஊர்ச் சின்னப் பட்டறைகளுக்கு அது வந்து சேர ரொம்ப வருடங்கள் ஆயின. அண்ணாச்சி முரண்டு பிடிக்காமல் கற்றுக்கொண்டார். ஆனால், அவர் கற்றுக்கொண்ட ஆட்டோகேட் ஒரு உயர்ந்த ரக டிரேசிங் பேப்பர், அவ்வளவுதான். கோடு நேராக வரும், சுரண்ட வேண்டாம். மற்றதெல்லாம் பழைய பழக்கமே. புது ஆர்டர் வந்தால், அதே மாதிரி ஒரு பழைய ஆர்டரின் படங்களை காப்பி எடுத்து, வேண்டியதை மாற்றுவார். ஒவ்வொரு ஷீட்டாகத் திறந்து, கீழ் மூலைக்குப் போய், பழைய கஸ்டமர் பெயரை அழித்துப் புதுப் பெயரை அடிப்பார்.

ஒரு பேனலுக்கு 40, 50 ஷீட் சர்வசாதாரணம். 2016-ல் ஒரு ஆர்டருக்கு 46 ஷீட். 45-ல் பெயரை மாற்றிவிட்டார். 23-ம் ஷீட்டில் மட்டும் பழைய கஸ்டமரின் பெயர் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.

கஸ்டமரின் இன்ஜினீயர் போன் செய்தார். அவர் கத்தியிருந்தால்கூட மச்சினன் சமாளித்திருப்பான். அவர் கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எங்க டிராயிங்கும் இப்படித்தான் வேற கம்பெனிக்குப் போகுமா சார்?"

46 ஷீட்டும் திரும்பி வந்தன. ஆர்டர் இரண்டு வாரம் தொங்கலில் கிடந்தது. அண்ணாச்சி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்வி.

அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தார். எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கம்பெனியில் வாங்கி வைத்திருந்த ஆட்டோகேட் எலெக்ட்ரிகலைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இதுல டைட்டில் பிளாக் தானா மாறும். யாரும் செட் பண்ணலையா?" என்று கேட்டார். யாரும் பண்ணவில்லை. புது மிக்ஸி வாங்கி அதில் ஜூஸ் ஜாரை மட்டும் அட்டைப்பெட்டியிலேயே வைத்திருப்போமே, அந்தக் கதைதான்.

அவர் அதைச் செட் பண்ணும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும்.

மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, அந்தப் பெட்டி. அதிலுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளுக்குள் ஒரு பெயர் வைத்துவிட வேண்டும். இந்தக் கட்டம் கஸ்டமர், இது ஷீட் நம்பர், இது ரிவிஷன் என்று. அட்ரிபியூட் என்கிறார்கள். இரண்டு, புராஜெக்ட் ஃபைல். அந்த ஆர்டரைச் சேர்ந்த எல்லா ஷீட்டுகளின் பட்டியலும் அதில் இருக்கும். கூடவே கஸ்டமர் பெயர், ஆர்டர் நம்பர் போன்ற பொது விவரங்கள் வரிவரியாக இருக்கும். மூன்றாவதுதான் சூட்சுமம். எந்தக் கட்டத்தில் எந்த வரி போய் உட்கார வேண்டும் என்று சொல்லும் ஜோடிப் பட்டியல். டபிள்யூ.டி.டி. என்று முடியும் ஒரு சின்ன ஃபைல். நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். அது வேண்டாமென்றால், அதே விவரத்தைப் பெட்டிக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத ஓர் அட்ரிபியூட்டாக ஒளித்தும் வைக்கலாம்.

அது ஏன் டபிள்யூ.டி. என்று ஆரம்பிக்கிறது தெரியுமா? இந்த சாஃப்ட்வேர் ஆட்டோடெஸ்க் கம்பெனியின் சொந்தப் பிள்ளை இல்லை. வி.ஐ.ஏ. டெவலப்மென்ட் என்ற கம்பெனி 'வி.ஐ.ஏ. டபிள்யூ.டி.' என்ற பெயரில் வைத்திருந்ததை 2003-ல் அந்தக் கம்பெனியோடு சேர்த்து ஆட்டோடெஸ்க் வாங்கியது. வீடு மாறினாலும் இனிஷியல் மாறவில்லை.

செட் பண்ணி முடித்தபின் ஒரே ஒரு கட்டளை. எந்தெந்த வரிகளை மாற்ற வேண்டும் என்று டிக் செய்துவிட்டு, இந்த ஷீட்டுக்கு மட்டுமா, புராஜெக்ட் முழுவதற்குமா என்று சொல்ல வேண்டும். 'முழுவதும்' என்றார் அந்தப் பெண். திரையில் ஷீட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டன. காபி ஆறுவதற்குள் 46 ஷீட்டிலும் புதுப் பெயர்.

ஷீட் நம்பர் விஷயம் இதைவிட ஜோர். 12-ம் ஷீட்டுக்குப் பிறகு புதிதாக ஒன்றைச் செருகினால், அதற்குப் பின்னால் இருக்கும் 34 ஷீட்டுக்கும் நம்பர் மாற வேண்டும். 'மொத்தம் 46' என்பது எல்லா ஷீட்டிலும் 47 ஆக வேண்டும். கையால் என்றால் அரை நாள் வேலை. இங்கே அதற்கும் ஒரு டிக்தான்.

எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். விழித்துக்கொண்டது. ஒரு தடவை வவுச்சர் போட்டால் லெட்ஜர், டிரையல் பேலன்ஸ், பேலன்ஸ் ஷீட் எல்லாம் தானாக மாறுகிறதே டேலியில், அதே தத்துவம். ஒரு விவரத்தை ஒரே இடத்தில் எழுது. மற்ற இடங்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். உற்சாகத்தில் ஒரு யோசனையும் சொன்னேன். இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணமே அந்த யோசனைதான்.

"வரைந்தவர், சரி பார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர்னு மூணு கட்டம் இருக்கே, அதையும் இதோட இணைச்சுடலாமே. எப்பவும் அதே ஆளுங்கதானே?"

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினார். மச்சினன், "மாமா சொல்றது கரெக்ட். ரிவிஷன் நம்பரையும் சேர்த்துடுங்க" என்றான். சேர்த்துவிட்டார். சரி பார்த்தவர் என்ற கட்டத்தில் எப்போதும் அண்ணாச்சியின் இனிஷியல்.

அண்ணாச்சி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் அவருடைய மகள் கல்யாணம். பத்து நாள் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தார். அந்தப் பத்து நாளில் ஒரு கஸ்டமரிடமிருந்து மாற்றம் வந்தது. கன்ட்ரோல் சப்ளை 230 வோல்ட் வேண்டாம், 110 வோல்ட்டாக மாற்றுங்கள் என்று. இது அடிக்கடி கேட்கும் மாற்றம்தான். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சேர்க்க வேண்டும், கான்டாக்டர்களின் காயில்களை 110 வோல்ட் காயில்களாக ஆர்டர் செய்ய வேண்டும், கன்ட்ரோல் வயரிங் வரும் எல்லா ஷீட்டிலும் சப்ளையை மாற்ற வேண்டும். மாற்றினார்கள். 17-ம் ஷீட்டைத் தவிர. அது பிற்பாடு சேர்த்த ஒரு எக்ஸ்ட்ரா பம்ப்பின் ஷீட். அதில் சப்ளை பழையபடி 230 வோல்ட்டிலேயே நின்றது.

பிறகு அந்த ஒரு கட்டளை. எல்லா ஷீட்டிலும் 'ரிவிஷன் 2' என்று விழுந்தது. திருத்திய ஷீட்டிலும் விழுந்தது, திருத்தாத ஷீட்டிலும் விழுந்தது. எல்லாவற்றிலும் 'சரி பார்த்தவர்' கட்டத்தில் அண்ணாச்சி. அவரோ அந்த நேரத்தில் திருநெல்வேலியில் சமையல்காரரோடு சாம்பாருக்கு எத்தனை கிலோ பருப்பு என்று பேசிக்கொண்டிருந்திருப்பார்.

வயர்மேன் படத்தைப் பார்த்துத்தான் வயர் செய்வார். ரிவிஷன் 2, செக் பண்ணியாகிவிட்டது என்று ஷீட்டே சொல்கிறதே. அப்படியே செய்தார். பட்டறையில் டெஸ்ட்டிங்குக்கு சப்ளை கொடுத்தார்கள். 110 வோல்ட் காயில்களுக்கு 230 வோல்ட் போனால் என்ன ஆகும்? முதலில் ஒரு உறுமல். பிறகு வார்னிஷ் கருகும் வாடை. மூன்று காயில்கள் புகைந்தன. ஸ்விட்சை அணைத்தவர் கை நடுங்கியதாக மச்சினன் சொன்னான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நம் பட்டறைக்குள்ளேயே நடந்தது. சைட்டில் நடந்திருந்தால் என்பதை மட்டும் நாங்கள் யாரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை.

அண்ணாச்சி அல்வா பாக்கெட்டுகளோடு திரும்பி வந்தார். மச்சினன் பாவம், கோபத்தில் இருந்தான். 17-ம் ஷீட்டை மேஜையில் போட்டு, "என்ன அண்ணாச்சி, செக் பண்ணவே இல்லையா?" என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் அவர் ஊரிலேயே இல்லை என்பது அவனுக்கு உறைத்தது. அன்றைக்குச் சனிக்கிழமை, நானும் இருந்தேன்.

அண்ணாச்சி அந்தத் தாளை எடுத்தார். கீழ் மூலையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் பார்க்காத ஷீட்டுல என் பேரு எப்படி சார் வந்திச்சு?"

பதில் எனக்குத் தெரியும். என் யோசனையால் வந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, தன் இனிஷியல் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதினார். 46 ஷீட்டிலும் எழுதினார். பிறகு அல்வா பாக்கெட்டைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது சிரித்தார் என்பதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு அந்த வலி தெரியாதா என்ன? பல வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்துக்கு டெம்ப்ளேட் உண்டு. மேலே என் பெயரும் போட்டோவும் நிரந்தரமாக இருக்கும். ஒரு வாரம் எனக்கு டைபாய்டு. இடத்தை நிரப்ப வேறு யாரோ எழுதினார். டெம்ப்ளேட்டில் பெயரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கட்டுரையில் ஒரு ஊர்க்காரர்களைப் பற்றி மட்டமான ஒரு ஜோக். காய்ச்சல் விட்டு எழுந்தபோது எனக்குத் திட்டித் திட்டிக் கடிதங்கள். அதில் ஒன்று, எனக்குப் பாடம் சொன்ன ஒரு வாத்தியாரிடமிருந்து. "நீயா எழுதினாய்?" என்று இரண்டே வார்த்தை. நான் எழுதவில்லை என்று பதில் போட்டேன். 'அப்படியானால் உன் பெயர் எப்படி?' என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணாச்சியின் கேள்விதான் அதுவும்.

பெயர் என்பது பொறுப்பு என்று நம் முன்னோடிகளுக்குத் தெரிந்திருக்கிறது. 1867-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த அச்சகச் சட்டமே, எந்தத் தாளை அச்சடித்தாலும் அச்சடித்தவர் பெயரையும் இடத்தையும் போட வேண்டும் என்றது. அவன் நோக்கம் யாரைப் பிடிப்பது என்பதாக இருக்கலாம். 2024 மார்ச்சில் அந்தச் சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்துவிட்டது. நான் படித்த காமர்ஸ் பக்கமும் அப்படித்தான். 2023 ஏப்ரல் முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேரில் செய்கிற ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைக்கவே முடியக் கூடாது என்று விதி. தானாக மாறுவது பெரிய வசதிதான். மாறியதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அங்கேயும் ஒரு பதில் வேண்டியிருக்கிறது.

சரி, கதைக்கு வருவோம். திங்கட்கிழமை அந்தப் பெண் ஜோடிப் பட்டியலைத் திறந்தார். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெண் மாற்றினார்.

கஸ்டமர் பெயர், ஆர்டர் நம்பர், ஷீட் நம்பர், மொத்த ஷீட் இவையெல்லாம் தானாக மாறட்டும். மெஷினுக்குத் தெரிந்த விஷயம், மெஷினே எழுதட்டும். ரிவிஷன் பொது வரியில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனியாக மூன்று விவர வரிகள் அந்த சாஃப்ட்வேரில் உண்டு. அதில் ஒன்றில் அந்த ஷீட்டின் ரிவிஷனைப் போட்டார்கள். திருத்தினால்தான் அது ஏறும். தேதிக் கட்டத்தில் யாரோ அச்சடிக்கும் தேதியை இணைத்துவைத்திருந்தார்கள். ஆட்டோகேட்டில் அதற்கென்றே ஃபீல்டு உண்டு, 2005 பதிப்பிலிருந்து. ஆனால், அது ஒவ்வொரு தடவை பிரிண்ட் எடுக்கும்போதும் அன்றைய தேதியைப் போட்டுவிடும். மூன்று வருடம் முன் வரைந்த படம் இன்றைக்குப் பிறந்த குழந்தை மாதிரி வந்து நிற்கும். அதையும் எடுத்தார்கள். அச்சடித்த தேதியை 'அச்சடித்தது' என்று சொல்லியே ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டார்கள்.

வரைந்தவர், சரி பார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர் என்ற மூன்று கட்டங்கள்? காலி. பிரிண்ட் எடுத்த பிறகு, பார்த்தவர் பேனாவால் போட வேண்டும். பார்க்கவில்லை என்றால் அது காலியாகவே இருக்கும். கட்டம் காலியாக இருந்தால் அந்த ஷீட் வயர்மேன் கைக்குப் போகக் கூடாது.

"46 ஷீட்டுக்குக் கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா?" என்று மச்சினன் முனகினான்.

"கையெழுத்துக்கு அஞ்சு நிமிஷம்தான் தம்பி. பார்க்கிறதுக்குத்தான் ஒன்றரை நாள் ஆகும்" என்றார் அண்ணாச்சி.

இன்னொன்றும் அவர்கள் இரண்டு பேரும் கண்டுபிடித்தார்கள். புராஜெக்ட் பட்டியலில் சேர்க்காத ஷீட்டை அந்தக் கட்டளை தொடவே தொடாது. கட்டத்துக்கு வைத்த பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பழைய விவரம் அப்படியே இருக்கும், சத்தம் போடாது. 'தானாக மாறும்' என்ற வார்த்தையை நம்பி யாரும் பார்க்காமல் விட்டால், பிசகுகள் பத்திரமாக ஒளிந்துகொள்ளும். எனவே, கட்டளை கொடுத்த பிறகு, ஒரு தடவை எல்லா ஷீட்டின் கீழ் மூலையையும் கண்ணால் பார்ப்பது என்று வழக்கமாக்கினார்கள். கண்ணுக்குப் பதில் கண்தான்.

நான் அண்ணாச்சியிடம் அந்த யோசனை என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். உடனே அல்ல, இரண்டு மாதம் கழித்து. "தெரியும் சார்" என்றார். "நானும் அன்னிக்கு வாயைத் திறந்திருக்கணும்லா. கம்ப்யூட்டர் விஷயம், நமக்கென்ன தெரியும்னு இருந்துட்டேன். பேரு என்னோடதுல்லா."

2021-ல் அவர் ஓய்வு பெற்றார். இப்போது சரி பார்ப்பது அந்தப் பெண். சாஃப்ட்வேரில் எத்தனையோ புது வசதிகள் வந்துவிட்டன. ஆட்டோகேட் எலெக்ட்ரிகலே இப்போது ஆட்டோகேட்டுக்குள் ஒரு டூல்செட்டாகச் சேர்ந்துவிட்டது. அந்த மூன்று கட்டங்கள் மட்டும் இன்றும் காலியாகத்தான் பிரிண்ட் ஆகின்றன. போன மாதம் போயிருந்தபோது ஒரு ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். பேனா மையில், கொஞ்சம் சாய்வாக, அவருடைய இனிஷியல். ஓர் இடத்தில் மை லேசாகக் கலைந்திருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

நீங்கள் பேனல் போர்டு செய்பவராக இல்லாமல் இருக்கலாம். ஆனால், உங்கள் ஆபீஸ் லெட்டரின் அடியில், பில்லின் அடியில், பிள்ளையின் ரேங்க் கார்டின் அடியில் எங்கேயோ உங்கள் பெயர் தானாக விழுந்துகொண்டிருக்கும். இந்த வாரம் ஒரு தடவை அதைத் தேடிப் பாருங்கள். அதற்கு மேலே இருப்பதை நீங்கள் படித்தீர்களா என்றும் பாருங்கள்.

இந்தப் பக்கத்தின் மேலே இருக்கும் என் பெயரும் போட்டோவும் டெம்ப்ளேட் போட்டதுதான். கீழே இருப்பதை இரண்டு தடவை படித்துவிட்டேன்.